திருப்பும், இழுக்காது

புனேயின் விமான் நகரில் குடியிருப்பவர்கள் வானத்தைப் பார்க்கத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. லோஹேகாவ் ஓடுதளம் அவ்வளவு பக்கம். போர் விமானம் எழும்பினால் பேச்சை நிறுத்தி, சத்தம் கடந்து போகும்வரை காத்திருந்து, விட்ட வாக்கியத்திலிருந்து தொடர்வது இங்கே எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. மே மாதத்திலும் அக்டோபரிலும் பிற்பகல் வெயில் சாய்ந்ததும் இடிமேகம் திரளும். அதற்கு ஒதுங்கி ஒரு பயணிகள் விமானம் வளைந்து வருவதைப் பால்கனியில் நின்றே பார்க்கலாம். மேகத்தைச் சுற்றி வலுவான மின்புலம். அதன் அருகே சுமார் 38 மீட்டர் நீள உலோக உடல். புலம் அதன் மின்னூட்டங்களைப் பிரித்து இரு கோடிகளுக்கும் ஒதுக்கிவிடும். பிளஸ் டூ புத்தகத்தின் மொழியில் சொன்னால், சீரான மின்புலத்தில் வைக்கப்பட்ட ஒரு மின் இருமுனை.

அந்தப் பாடம் பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிலைமின்னியல் முதல் அலகு, என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலும் முதல் அத்தியாயம். அளவில் சமமான, குறியில் எதிரான இரு மின்னூட்டங்கள், நடுவில் சிறு இடைவெளி. புலம் எங்கும் ஒரே அளவு, ஒரே திசை. ஒன்றை ஒரு பக்கம் தள்ளும் விசையும் மற்றதை எதிர்ப்பக்கம் தள்ளும் விசையும் சமம் என்பதால் கூட்டினால் சுழி. ஆனால் அவை ஒரே கோட்டில் செயல்படவில்லை. ஸ்டியரிங்கை ஒரு கை மேலே தள்ள, மறு கை கீழே இழுத்தால் கார் திரும்புகிறதல்லவா, அந்த மாதிரி ஓர் இரட்டை. இருமுனைத் திருப்புத்திறன், புலம், இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் சைன் ஆகிய மூன்றையும் பெருக்கினால் திருப்பு விசை கிடைத்துவிடும். நிகர விசை சுழி என்பதால் எந்தப் புள்ளியைச் சுற்றிக் கணக்கிட்டாலும் விடை மாறாது. வகுப்பில் வேகமாகக் கடந்துபோகிற இந்தக் குறிப்பு எனக்குப் பிடித்தமானது.

கோணம் 90 பாகை என்றால் திருப்பு விசை உச்சம். 0 பாகையிலும் 180 பாகையிலும் அது இல்லை. முதலாவது பள்ளத்தின் அடி, இரண்டாவது மேட்டின் நுனி. "ஆகவே இருமுனை புலத்தின் திசையில் வந்து நிற்கும்" என்று எழுதி மாணவர் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். எனக்கு ஒப்பாத இடம் இதுதான். வெறும் புலத்தை மட்டும் வைத்துக்கொண்டால் இருமுனை வந்து நிற்கவே நிற்காது. ஊஞ்சலை இழுத்து விட்டால் அடிப்புள்ளியைத் தாண்டி மறுபக்கம் ஏறுவதுபோல, அதுவும் புலத்தின் திசையைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும், முடிவில்லாமல் ஆடும். நிற்க வேண்டுமானால் அதன் ஆற்றலை வேறு யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த "வேறு யார்" என்பதைப் பாடம் சொல்வதில்லை. வெப்பமா, பிசுப்பா, மீட்சியா, காற்றா? எதிரே நிற்பது யார் என்பதைப் பொறுத்து அதே சூத்திரம் வேதியியல் அறிஞரின் அளவுகோலாகிறது, மைக்ரோவேவ் அடுப்பாகிறது, கணினித் திரையாகிறது, மேகத்துக்குள் பனித்துகளின் ஆட்டமாகிறது. விமான் நகர் அலுவலகம் ஒன்றில் சாப்பாட்டு இடைவேளைக்குள் இவற்றில் பாதியைப் பார்த்துவிடலாம்.

முதல் எதிராளி வெப்பம். நீர் மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன் 1.85 டெபை, அதாவது சுமார் 6.2 × 10⁻³⁰ கூலும்-மீட்டர். இடிமேகத்துக்குள் காணும் அளவான மீட்டருக்கு 1 லட்சம் வோல்ட் புலத்தில் ஒற்றை மூலக்கூறைத் தனியாக வைப்போம். புலம் அதற்குத் தரும் ஆற்றல் 6.2 × 10⁻²⁵ ஜூல். அறை வெப்பத்தில் மூலக்கூறை அலைக்கழிக்கும் ஆற்றலோ 4.1 × 10⁻²¹ ஜூல், ஏறத்தாழ 6,700 மடங்கு. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் காதோரம் "வடக்கே திரும்பு" என்று முணுமுணுப்பதற்குச் சமம் இது. சராசரியாக 20,000-இல் ஒரு பங்குதான் திசை சாயும். இரண்டு ஆற்றலும் சமமாக வேண்டுமென்றால் மீட்டருக்கு 67 கோடி வோல்ட் தேவை. காற்று 30 லட்சம் வோல்ட்டிலேயே பொறி பறந்து முறிந்துவிடும்.

அந்த அற்பச் சாய்வை அளவுகோலாக மாற்றியவர் பீட்டர் டெபை. காந்தத் துகள்களுக்காக 1905-இல் பால் லாஞ்சவன் போட்ட கணக்கை 1912-இல் அவர் மின் இருமுனைக்குக் கொண்டுவந்தார். புலம் வந்ததும் மூலக்கூறில் இரண்டு நடக்கும். எலக்ட்ரான் மேகம் சற்று நகர்ந்து புதிதாக ஓர் இருமுனை உண்டாகும். வெப்பநிலை அதைப் பெரிதாகப் பாதிக்காது. ஏற்கெனவே உள்ள நிலையான இருமுனை சற்றே திரும்பும். சூடு ஏற ஏற இது குறையும். ஆகவே ஒரு வாயுவை வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். கார்பன் டை ஆக்சைடுக்கு நிலையான இருமுனை இல்லை என்றால் மூன்று அணுக்களும் நேர்கோட்டில் இருக்கின்றன. நீருக்கு இருக்கிறது என்றால் அது வளைந்த மூலக்கூறு. கண்ணால் பார்க்க முடியாத மூலக்கூறின் வடிவத்தை, திருப்பு விசைக்கும் வெப்பத்துக்கும் நடக்கும் இழுபறியிலிருந்து படித்துவிட்டார்கள். 1936-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு டெபைக்குக் கிடைத்தது. அவர் பெயரே அலகாகவும் நிலைத்தது.

வாயுவில் எல்லாம் சரியாக நடந்த கணக்கு திரவத்தில் இடறியது. வாயுவில் மூலக்கூறுகள் தள்ளித் தள்ளி இருப்பதால், நாம் வெளியே வைத்த புலத்தைத்தான் ஒவ்வொன்றும் உணரும். திரவத்தில் அண்டை மூலக்கூறுகளும் இருமுனைகள். ஒவ்வொன்றும் தன் புலத்தைச் சேர்க்கும். அப்போது ஒரு மூலக்கூறைத் திருப்பும் புலம் எது? இந்தக் கேள்விக்கு இந்தியாவிலிருந்து, அதுவும் தமிழ்நாட்டில் பிறந்த இருவரிடமிருந்து, முக்கியமான ஒரு பதில் வந்தது.

கல்கத்தா பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1927-இல் எடுத்துக்கொண்டது கெர் விளைவு. ஜான் கெர் 1875-இல் கண்டது அது: வலுவான மின்புலத்தில் வைத்த கண்ணாடியோ திரவமோ ஒளிக்கு இரண்டு விதமான விலகலைக் காட்டத் தொடங்கும். திருப்பு விசை மூலக்கூறுகளைச் சற்றே ஒரு திசைக்குச் சாய்த்துவிடுவதுதான் காரணம் என்பது லாஞ்சவன், மாக்ஸ் பார்ன் ஆகியோரின் விளக்கம். அதில் ஒரு மறைவான அனுமானம் இருந்தது. மூலக்கூறைச் சுற்றியிருக்கும் இடம் உருண்டையாக, எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருப்பதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீளமான மூலக்கூறுக்கு அண்டை வீட்டாரும் உருண்டையாகவா சூழ்ந்து நிற்பார்கள் என்று கேட்டார்கள் ராமனும் கிருஷ்ணனும். மூலக்கூறு திரும்பும்போது அது உணரும் புலமும் மாறும். வெளியே சீராக இருக்கும் புலம் உள்ளே சீராக இல்லை. ராயல் சொசைட்டி இதழில் வெளியான அந்தக் கட்டுரையை ராமன் விளைவின் வெளிச்சம் மறைத்துவிட்டது. சில மாதங்களிலேயே, 1928 பிப்ரவரி 28-இல், அதே கட்டடத்தில் அது வந்துவிட்டது. வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணனை அதன் துணைப்பாத்திரமாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம் என்பது என் பழைய ஆதங்கம்.

கெர் விளைவின் குறிகூட ஒரு செய்தி சொல்லும். நைட்ரோபென்சீனில் அது நேர்க்குறி, அளவிலும் பெரிது. குளோரோஃபார்மில் எதிர்க்குறி. புலம் பிடித்துத் திருப்புவது இருமுனையின் அச்சை. ஒளி பார்ப்பது எலக்ட்ரான்கள் எளிதில் அசையும் அச்சை. இரண்டும் ஒத்துப்போனால் ஒரு குறி, குறுக்கே நின்றால் மறு குறி.

உள்ளூர்ப் புலம் பற்றிய கேள்வியை 1936-இல் லார்ஸ் ஆன்சாகர் வேறு பக்கத்திலிருந்து பிடித்தார். டெபை கணக்கை அப்படியே நீருக்குப் போட்டால், சாதாரண வெப்பத்திலேயே எல்லா மூலக்கூறுகளும் தாமாக ஒரே திசையில் வரிசைகட்டிவிட வேண்டும் என்று வரும். குடத்துத் தண்ணீர் அப்படிச் செய்வதில்லை. ஆன்சாகர் பார்த்தது எளிமையானது. ஓர் இருமுனை தன்னைச் சுற்றியுள்ள திரவத்தை முனைவாக்குகிறது. அந்தத் திரவம் பதிலுக்கு ஒரு புலத்தை இருமுனையின்மேல் திருப்பி அனுப்புகிறது. அந்த எதிர்வினைப் புலம் எப்போதும் இருமுனைக்கு இணையாகவே இருக்கும். இணை என்றால் சைன் சுழி. திருப்பு விசை இல்லை. தன் நிழலைத் தானே பிடித்துத் திரும்ப முடியாது. அதைக் கழித்துவிட்டு மிச்சப் புலத்தை மட்டும் திருப்பு விசைக்குச் சேர்த்ததும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பள்ளிச் சூத்திரத்தின் சைன் ஒரு பெரிய கோட்பாட்டுச் சிக்கலை அவிழ்த்த இடம் இது.

இனி அலுவலகப் பேன்ட்ரி. பிற்பகல் ஒரு மணிக்கு டிபன் டப்பாவோடு வரிசை நிற்கும் இடம். மைக்ரோவேவ் அடுப்பு பற்றி இணையத்திலும் சில வகுப்புகளிலும் சொல்லப்படும் கதை: நீர் மூலக்கூறின் இயல்பு அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ், அடுப்பு அதே அதிர்வெண்ணில் அதிர வைக்கிறது, எனவே சூடாகிறது. தவறு. திரவ நீரில் மூலக்கூறு ஒன்று திசை மாற எடுக்கும் நேரம், 25 பாகையில், சுமார் 8 பிக்கோ விநாடி. நீர் மிக அதிகமாக உறிஞ்சுவது 20 கிகாஹெர்ட்ஸ் அருகே. அடுப்பின் புலம் அரைச் சுற்றுக்கு ஒருமுறை, அதாவது 200 பிக்கோ விநாடிக்கு ஒருமுறை திசை மாற்றுகிறது. அந்த அவகாசத்தில் மூலக்கூறு இருபத்தைந்து முறை தன்னிஷ்டப்படி திரும்பிவிடும். புலம் அதைத் தலைகீழாகப் புரட்டுவதே இல்லை. கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரித் திசையை மிக லேசாகச் சாய்க்கிறது. அந்தச் சராசரி புலத்தோடு முழுதும் சேர்ந்து வராமல் சற்றே பின்தங்குகிறது. ஹைட்ரஜன் பிணைப்புகளின் பிசுப்பு தரும் அந்தப் பின்தங்கல்தான் சூடு. உறிஞ்சல் உச்சத்தில் இருக்கும் 20 கிகாஹெர்ட்ஸை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கலாம். பயன்படுத்தினால் குழம்பின் மேல்தோல் கொதிக்கும், நடு குளிர்ந்தே கிடக்கும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த சாம்பாரை நேராகச் சூடுபடுத்தியவர்களுக்கு அடுத்த செய்தி அனுபவமாகவே தெரியும். ஓரம் கொதிக்கும், நடுவில் கட்டி அப்படியே இருக்கும். பனிக்கட்டியில் மூலக்கூறு படிகத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. திசை மாற அதற்கு நீரைவிட லட்சக்கணக்கான மடங்கு நேரம் வேண்டும். அதே இருமுனை, அதே புலம், அதே திருப்பு விசை. எதிராளி மட்டும் இறுகிவிட்டார். முதலில் உருகிய ஓரம் எல்லாச் சூட்டையும் தானே வாங்கிக்கொள்கிறது. டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தினால் அடுப்பு விட்டுவிட்டு இயங்குவது, உருகிய பகுதியிலிருந்து சூடு உள்ளே பரவ அவகாசம் கொடுக்கத்தான்.

சாப்பிட்டுவிட்டு இருக்கைக்கு வந்தால் எதிரே திரை. மற்ற பிரிவுகளைவிட இங்கே சற்று நிற்க ஆசை, ஏனென்றால் பாடநூல் சூத்திரம் முதன்முறையாக உருமாறுவது இங்கேதான். திரவப் படிகத்தில் குச்சி போன்ற மூலக்கூறுகள் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கும். ஆனால் தலைமாடு, கால்மாடு என்ற பேதம் அவற்றின் கூட்டத்துக்குக் கிடையாது. மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் சம எண்ணிக்கையில் கிடக்கும். நிலையான இருமுனைகள் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். மிஞ்சுவது புலமே உண்டாக்கிய இருமுனை. குச்சியின் நீளவாக்கில் அது எளிதாக உண்டாகும், குறுக்கே அவ்வளவு எளிதல்ல. இதன் திருப்பு விசை புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சைன் கோணம் இருந்த இடத்தில் சைன் இரு மடங்கு கோணம். எனவே 90 பாகையில் உச்சம் போய் சுழி வருகிறது, உச்சம் 45 பாகைக்கு நகர்கிறது. புலத்தின் குறியை மாற்றினாலும் திருப்பும் திசை மாறாது. திரைகளை மாறுதிசை மின்னழுத்தத்தால் இயக்க முடிவது இதனால்தான். நேர்திசையில் இயக்கினால் அயனிகள் ஒரு பக்கம் ஒதுங்கி அடுக்கு கெட்டுவிடும்.

ஒற்றை நீர் மூலக்கூறை அசைக்க முடியாத புலம் இதை எப்படி அசைக்கிறது? இங்கே வெப்பத்தோடு தனித்தனியாக மோத வேண்டியதில்லை. ஒரு கன மைக்ரோமீட்டரில் நூறு கோடிக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் ஒன்றாகத் திரும்புகின்றன. மீட்டருக்கு 10 லட்சம் வோல்ட்டில் அந்தச் சிறு பெட்டியின் ஆற்றல் வெப்ப ஆற்றலைப்போல் பத்தாயிரம் மடங்கு. எதிரே நிற்பது கண்ணாடிச் சுவர்கள் பிடித்துவைத்திருக்கும் மீட்சி. இரண்டும் சமமாகும் மின்னழுத்தத்தைக் கணக்கிட்டால் ஓர் அழகான முடிவு வரும்: அடுக்கின் தடிமன் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. வழக்கமான மாறிலிகளைப் போட்டால் விடை சுமார் 1 வோல்ட். கைக்கடிகாரப் பொத்தான் பேட்டரியே அதற்குப் போதும். 1971-இல் மார்ட்டின் ஷாட்டும் வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிஹும் முறுக்கிய அடுக்கை அறிமுகப்படுத்தியபின் உலகின் மேசைகளெல்லாம் இதனால் நிரம்பின.

இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்றை, திரவப் படிகங்கள் என்ற தலைப்பில், 1977-இல் எழுதியவர் எஸ். சந்திரசேகர். ராமனின் உறவினர், பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்தில் இருந்தவர். அதே ஆண்டு அவரும் சதாசிவா, சுரேஷ் ஆகியோரும் குச்சிக்குப் பதிலாகத் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று பிரமாணா இதழில் காட்டினார்கள். குச்சிதான் வேண்டும் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது.

"சீரான" என்ற சொல்லையும் ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டும். சீப்பை முடியில் தேய்த்துக் காகிதத் துண்டருகே கொண்டுபோனால் துண்டு பறந்து ஒட்டுகிறது. நிகர விசை சுழி என்றீர்களே என்று பயிற்சி வகுப்புப் பிள்ளைகள் கேட்பார்கள். சீப்பின் புலம் அருகே வலுவாக, தள்ளிப்போனால் தளர்ந்து இருப்பதால் துண்டின் கிட்ட முனையில் இழுப்பு அதிகம். அது இருமுனை, புலம் மாறும் வேகம் இரண்டின் விளைவு. இதே வகுப்பில் குழாயிலிருந்து ஒழுகும் தண்ணீரைச் சீப்பு வளைப்பதைக் காட்டி, "நீர் முனைவுள்ளது, ஆகவே வளைகிறது" என்பார்கள். 2000-இல் வேதியியல் கல்வி இதழ் ஒன்றில் வந்த ஆய்வு இதை மறுத்தது. அந்த வளைவுக்குப் பெருங்காரணம் ஒழுக்கில் தங்கிவிடும் நிகர மின்னூட்டம். இருமுனைகள் மட்டும் காரணமானால் அந்த மென்மையான புலச்சரிவு அவ்வளவு வளைக்காது. இன்றும் பல பாடநூல்களில் பழைய விளக்கமே இருக்கிறது.

நகரின் மறுகோடியில், பாஷானில், இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் இருக்கிறது. 1962-இல் தொடங்கியது, மின்னலை முன்னறிவிக்கும் தாமினி செயலி அங்கிருந்து வந்ததே. அங்கே செங்குத்துக் காற்றுச் சுரங்கத்தில் மேல்நோக்கி ஊதும் காற்றில் நீர்த்துளியை மிதக்கவிட்டு, மின்புலத்தில் அதன் வடிவத்தைப் பார்த்தார்கள். செங்குத்துப் புலம் துளியை நிமிர்த்துகிறது. கிடைமட்டப் புலம் மேலும் தட்டையாக்கி, உடைவதற்கு உதவுகிறது. உருண்டைத் துளிக்குத் திருப்பு விசையே கிடையாது, ஏனெனில் தூண்டப்பட்ட இருமுனை எப்போதும் புலத்துக்கு இணை. ஆகவே புலத்தால் அதை இழுத்து நீட்டத்தான் முடியும்.

பனிப்படிகம் வேறு ரகம். ஊசியும் தட்டுமாக இருக்கும் அது, விழும்போது காற்றின் அழுத்தத்தால் கிடைமட்டமாகப் படுத்தே விழும். இடிமேகத்தின் செங்குத்துப் புலம் அதை நிமிர்த்தப் பார்க்கும். நூறு மைக்ரோமீட்டர் நீள ஊசிக்கே புலத்தின் ஆற்றல் வெப்ப ஆற்றலைப்போல் லட்சக்கணக்கான மடங்கு என்பதால் வெப்பம் போட்டியிலேயே இல்லை. எதிராளி காற்று மட்டும். சிறிய படிகங்களைப் புலம் வெல்லும், பெரியவற்றைக் காற்று வெல்லும். மின்னல் வெட்டிய கணத்தில் புலம் சரிய, நிமிர்ந்து நின்றவை எல்லாம் மறுபடி படுத்துவிடும். 1976-இல் ஹென்ட்ரியும் மக்கார்மிக்கும் ரேடாரில் இதைப் பார்த்து எழுதினார்கள். மேகத்தின் தலைமேல் சூரிய ஒளி படும்போது வெறும் கண்ணுக்கே தெரியும்: ஒரு வெளிச்சக் கீற்று சட்டென்று இடம் தாவும். பறக்கும் தட்டு என்று பதறியவர்களும் உண்டு.

அந்த விமானத்துக்குத் திரும்புவோம். மேகத்தருகே மீட்டருக்கு 50,000 வோல்ட் இருப்பதாகவும், விமான உடலைச் சுமார் 38 மீட்டர் நீளமும் 4 மீட்டர் விட்டமும் கொண்ட உலோக உருளையாகவும் வைத்துக்கொண்டு நானே ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். உடலின் நீளவாக்கில் புலம் அமைந்தால் மூக்கிலும் வாலிலும் அது நாற்பது மடங்குக்கு மேல் பெருகி, காற்று முறியும் அளவை நெருங்கிவிடும். விமானத்தைத் தாக்கும் மின்னல்களில் பெரும்பாலானவை விமானத்தின் கோடிகளிலிருந்தே தொடங்குவது அதனால்தான். திருப்பு விசையோ, 45 பாகை என்ற மிக மோசமான கோணத்திலும் சுமார் 160 நியூட்டன்-மீட்டர். அறுபது கிலோ எடையுள்ள ஒரு பயணி இடைவழியில் 27 சென்டிமீட்டர் முன்னே நகர்ந்தால் விமானம் அதே அளவு திருப்பத்தை உணரும். கழிப்பறைக்கு எழுந்து போகிறவர் முன்வரிசையை அடைவதற்குள் அதைப் பல மடங்கு தாண்டியிருப்பார்.